வைரஸ் செய்தி வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

2017 மே 15, திங்கட்கிழமை காலை. திருநெல்வேலியில் நான் சர்வீஸ் பார்க்கும் ஒரு மளிகை மொத்தக் கடையிலிருந்து போன். "தம்பி, சிஸ்டத்த ஆன் பண்ணலாமா வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி. சனிக்கிழமை மதியமே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். ஏடிஎம்முக்கு ஆள் அனுப்பி, எடுக்க முடிந்த அளவுக்குப் பணத்தையும் எடுத்து வைத்திருந்தார். இரண்டு நாளாகக் கையால்தான் பில். சரக்கு ஏற்ற வந்த லாரிகள் வாசலில் நின்றுகொண்டிருந்தன.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மே 12 அன்று, வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினில் கொடு என்று கேட்கும். ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் அறுவை சிகிச்சைகளும் டாக்டர் சந்திப்புகளும் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. நம் பக்கத்தில் ஆந்திராவில் போலீஸ் அலுவலகக் கம்ப்யூட்டர்களும் பாதிக்கப்பட்டன. அதனால் பயந்ததில் தவறே இல்லை. பயந்தபின் என்ன செய்தோம் என்பதில்தான் கோளாறு.

அண்ணாச்சியின் போனை வாங்கிப் பார்த்தேன். அந்த இரண்டு நாளில் வந்த ஃபார்வர்டுகள் இருபதுக்கு மேல். ஏடிஎம் எல்லாம் இரண்டு மூன்று நாள் மூடிக் கிடக்கும் என்று ஒன்று. 'டான்ஸ் ஆஃப் த ஹில்லாரி' என்ற வீடியோவைத் திறந்தால் போன் அழிந்துவிடும் என்று இன்னொன்று. தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்று பல. அண்ணாச்சிக்கு மெயிலே கிடையாது.

அத்தனை ஃபார்வர்டிலும் இல்லாத ஒரு வரிதான் அன்று தேவைப்பட்ட வரி. வானாக்ரை நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை, அதாவது திருத்த அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, அதாவது இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டது. அதைப் போட்டால் போதும் என்ற வரி. ஆதரவு நிறுத்தப்பட்டு மூன்று வருடம் ஆன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அந்த வார இறுதியில் அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட்டார்கள். அண்ணாச்சியின் சிஸ்டம் விண்டோஸ் 7. அப்டேட் போட்டால் ஸ்லோவாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாங்கிய நாளிலிருந்து அதை அணைத்து வைத்திருந்தார்கள். பேட்ச்சைப் பென் டிரைவில் கொண்டுபோய், லேன் கேபிளைக் கழற்றிவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்து போட்டேன். ரீஸ்டார்ட்டோடு சேர்த்து அரை மணி நேர வேலை. அதற்காக இரண்டு நாள் வியாபாரம் தடுமாறியது.

எந்த நோய் என்று பார்க்காமல் மருந்து சொல்வது

நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இதுதான். வானாக்ரை ஒரு புழு. நீங்கள் எதையும் கிளிக் செய்ய வேண்டாம், எந்த மெயிலையும் திறக்க வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர வைத்திருக்கும் 445 என்ற எண்ணுள்ள கதவைத் தட்டும். பேட்ச் போடாத பழைய சிஸ்டமாக இருந்தால் அதன் வழியாக உள்ளே வந்து, அங்கிருந்து அடுத்த சிஸ்டத்தைத் தேடும். இதற்குப் போய், தெரியாத மெயிலைத் திறக்காதே என்று சொல்வது கொசுவால் வரும் காய்ச்சலுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பது போல. நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த நோயைத் தடுக்காது. செய்தவருக்கோ, நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடும். அதுதான் ஆபத்து.

அண்ணாச்சியின் சிஸ்டம் ரவுட்டருக்குப் பின்னால் இருந்ததால் வெளியிலிருந்து நேரே நுழைய வழி குறைவு. ஆனால் கணக்கு எழுத வருபவர் தன் லேப்டாப்பை அதே நெட்வொர்க்கில் செருகுவார். அந்த லேப்டாப் வேறு எங்கேயோ புழுவை வாங்கி வந்திருந்தால் போதும். நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். புழு யாரையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. திறந்த கதவைத் தேடுகிறது.

ஆகவே ஒரு வைரஸ் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம். எந்த சிஸ்டத்தை, எந்த வெர்ஷனைத் தாக்குகிறது? எந்த வழியாக நுழைகிறது? பேட்ச் வந்துவிட்டதா? இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று மட்டும் இருந்தால் அதை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளில் இந்த விவரங்கள் இருக்கும். படிக்க வறட்சியாக இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும்.

சொன்னவர் யார் என்று பார்க்காமல் அழிப்பது

2002-இல் மெயிலில் ஒரு எச்சரிக்கை சுற்றியது. உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள், அது வைரஸ், ஆன்டிவைரஸுக்கே தெரியாது, 14 நாள் சும்மா இருந்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும், உடனே நீக்கிவிட்டு, உங்கள் முகவரிப் பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். தேடிப் பார்த்தால் கரடி இருந்தது! ஜே-டி-பி-ஜி-எம்-ஜி-ஆர் என்று வாயில் நுழையாத பெயர். உலகம் முழுக்க ஏராளமானோர் அதை அழித்தார்கள். உண்மையில் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்த கோப்பு, ஜாவா நிரல் எழுதுபவர்களுக்குப் பயன்படுவது. வைரஸ் எங்கேயும் இல்லை. அதற்கு முந்தைய வருடமும் இதே மாதிரி இன்னொரு விண்டோஸ் கோப்பை அழிக்க வைத்தார்கள்.

அந்த மெயில் ஏன் இவ்வளவு தூரம் போனது என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பியது நண்பர். சொன்னபடி கோப்பும் இருந்தது. சோதித்துப் பார்த்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. கோப்பு இருப்பதும் அது வைரஸ் என்பதும் வேறு வேறு என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில்தான் அனுப்பினார்கள். இன்றைக்கும் குடும்பக் குரூப்புகளில் வரும் பெரும்பாலான பொய் எச்சரிக்கைகள் இப்படி அக்கறையால்தான் பரவுகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு 85 லட்சம். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று உண்மையான தீர்வே சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில், போய் ஒரு கோப்பை அழிப்பதுதான். கரடி பொம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதைச் சொன்னது அந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனம், தன் சொந்தத் தளத்தில், எந்தக் கோப்பு, எந்த சிஸ்டத்தில் என்ற விவரத்தோடு. அதே நாளிலேயே சரிசெய்யும் கோப்பு என்ற பெயரில் வைரஸை வைத்த ஜிப் கோப்புகளும் போலித் தளங்களும் வந்துவிட்டன. நிறுவனமே எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. பெரிய செய்தி வரும் நாளில் கூகுளில் தேடிக் கிடைக்கும் முதல் டவுன்லோடை எடுத்துப் போடுவதுபோல ஆபத்தான வேலை வேறில்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. இது சைபர் தாக்குதல் என்று காலையிலேயே பலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தாக்குதல் இல்லை என்று தெரிந்ததும், இதற்காகத்தான் நான் அப்டேட்டே போடுவதில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அந்த மென்பொருள் பொதுவாக இருப்பதே இல்லை. கம்பெனிகள் வாங்கிப் போடும் ஒன்றின் கோளாறைப் பார்த்து வீட்டில் விண்டோஸ் அப்டேட்டை அணைத்தவர்கள், 2017-இல் அண்ணாச்சி இருந்த இடத்துக்கே போய்ச் சேர்கிறார்கள்.

கூடங்குளத்தில் நடந்தது

எங்கள் மாவட்டம் என்பதால் இந்தச் செய்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி பரவியது. அந்த மாதம் இரண்டாம் அலகு நின்றிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, அணு உலையை ஹேக் செய்து நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. ராதாபுரம் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்கள்.

29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் ஒரு அறிக்கை வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. அடுத்த நாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்றது. செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தகவல் சொல்லியிருக்கிறது. நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தது, உலையின் முக்கியமான உள் நெட்வொர்க் தனியானது என்று விளக்கினார்கள்.

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவை நேருக்கு நேர் மோதவில்லை. முதலாவது கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றிப் பேசியது, இரண்டாவது அலுவலகக் கம்ப்யூட்டரைப் பற்றி. ஆனால் மக்கள் கேட்டது வைரஸ் வந்ததா இல்லையா என்று. அந்தக் கேள்விக்கு முதல் நாள் நேரான பதில் வரவில்லை. அதனால் இரண்டாம் நாள் உண்மையைச் சொன்னபோதும் ஊரில் நம்ப ஆள் குறைவாக இருந்தது. இதில் நிர்வாகத்தின் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். உலைக்குள் புகுந்துவிட்டான் என்று எழுதியவர்களும், எல்லாம் வதந்தி என்று அடித்துப் பேசியவர்களும் எந்த நெட்வொர்க் என்று கேட்டிருந்தால், அன்றைக்கே பாதி பயம் தெளிந்திருக்கும். மீதிப் பாதி நியாயமான பயம். அலுவலக நெட்வொர்க்கில் நுழைந்தவன் எதைத் தேடி வந்தான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே.

அவசரத்தில் எல்லாவற்றையும் ஃபார்மட் அடிப்பது

வானாக்ரையில் மாட்டிய பலர் உடனே ரீஸ்டார்ட் செய்தார்கள், இல்லையென்றால் ஃபார்மட் அடித்தார்கள். ஒரே வாரத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கருவிகளை இலவசமாக வெளியிட்டார்கள்: வானாகீ, வானாகிவி. பூட்டப் பயன்படுத்திய சாவியை உருவாக்கும் பகா எண்கள் கம்ப்யூட்டரின் மெமரியில் தங்கியிருந்தால், அவற்றை எடுத்துச் சாவியைத் திரும்ப உருவாக்கும். விண்டோஸ் எக்ஸ்பியிலும் 7-லும் வேலை செய்தது, ஆனால் ஒரு நிபந்தனை: சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது. அணைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது.

எல்லா ரான்சம்வேருக்கும் இப்படிக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். நெட்டைத் துண்டியுங்கள், திரையைப் போட்டோ எடுங்கள், அப்படி ஒரு கருவி இல்லை என்று தெரிந்த பிறகு சிஸ்டத்தை அணைத்து, பூட்டிய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். புது டிஸ்க் போட்டு வேலையைத் தொடரலாம். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் நோ மோர் ரான்சம் தளத்தில் பல வகைகளுக்குச் சாவிகள் இலவசமாகவே இருக்கின்றன. பணம் கட்டுவதைப் பொறுத்தவரை, வானாக்ரை வந்த ஒன்றரை மாதத்தில் அதே ஓட்டையைப் பயன்படுத்திய நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ் வந்தது. அதில் பணம் கட்டியவர் தொடர்புகொள்ள வேண்டிய மெயில் முகவரியையே சேவை நிறுவனம் முடக்கிவிட்டது. கட்டிய பணத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

பாஸ்வேர்டு செய்திக்கும் இதே அவசரம்தான். 2025 ஜூனில் 1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன என்று தலைப்பு வந்தது. கூகுளும் ஆப்பிளும் உடைந்துவிட்டன என்று பலர் புரிந்துகொண்டார்கள். அப்படி எதுவும் உடையவில்லை. பெரும்பாலும் ஆட்களின் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து திருட்டு மென்பொருள்கள் உருவியவற்றின் தொகுப்பு அது, ஒரே பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்ததும் உண்டு. அப்படி ஒரு திருட்டு மென்பொருள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலேயே புது பாஸ்வேர்டை அடித்தால் அதுவும் அவனுக்குத்தான் போகும். முதலில் சிஸ்டத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது வேறொரு நல்ல சாதனத்திலிருந்து மாற்ற வேண்டும்.

மாட்டியவரைத் திட்டுவது

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு, தெரிந்தவர் எண்ணிலிருந்தே கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. திறந்தார். பத்திரிகை வரவில்லை, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். சிறிது நேரத்தில் அதே பத்திரிகை அவர் எண்ணிலிருந்து அவர் போனில் இருந்த எல்லோருக்கும் போனது. குரூப்பில் வந்த முதல் பதில், "டீச்சரே இப்படி செஞ்சா மத்தவங்க என்ன செய்வாங்க?" அடுத்து நாலைந்து பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள்.

அக்கா குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மாலை கணக்கில் 38,000 ரூபாய் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடு ஹாலில் நின்றபடியே, "தம்பி, அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். போனைக் கையில் வைத்துக்கொள்ளக்கூடப் பயந்து, ஒரு துணிப்பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார்.

அந்த ஒரு நாள்தான் எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை. அந்தச் செயலி செய்தது ஓடிபியைப் படித்து வெளியே அனுப்பும் வேலை. குரூப்பில் ஒருவராவது, "நெட்டை ஆஃப் பண்ணுங்க, வேற போன்ல இருந்து பேங்க்குக்குச் சொல்லுங்க, 1930-க்கு அடிங்க" என்று எழுதியிருந்தால் பணம் கணக்கிலேயே இருந்திருக்கும். 1930 தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அன்று சாயங்காலமே அக்காவின் சிம்மை வேறு போனில் போட்டு, வங்கிக்கும் 1930-க்கும் பேச வைத்தேன். புகார் எண்ணை ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அதே குரூப்பில் திரும்பச் சேர்ந்து, என்ன நடந்தது, எந்த அனுமதியைக் கொடுத்தார் என்று ஆறு வரியில் அவரே எழுதிப் போட்டார். அன்று இரவே இரண்டு பேர் தனியாக அவரை அழைத்தார்கள். அவர்களும் அந்தப் பத்திரிகையைத் திறந்திருந்தார்கள்.