மாரோவிண்டில் பனை நடுவது எப்படி: ஓலையிலிருந்து விளையாட்டு வரை

மாரோவிண்ட் 2002இல் வந்த விளையாட்டு. அதில் இன்றைக்கும் புது மரம் நட முடிகிறது. பெதஸ்தா நிறுவனம் கணினிப் பதிப்போடு கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற திருத்தியையும் சேர்த்தே கொடுத்ததுதான் காரணம். ஆனால் நான் பார்த்த மர மோட்களில் (விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களில்) ஓக், பைன், வில்லோ என்று குளிர்நாட்டு மரங்களே அதிகம். அகஸ்தீஸ்வரம் பக்கம் பனைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விளையாட்டின் கடற்கரையில் பனை இல்லாதது குறையாகவே பட்டது. அதனால் நானே ஒன்று செய்தேன். செய்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முப்பரிமாண மாதிரி செய்ய பிளெண்டர், படம் திருத்த ஜிம்ப், விளையாட்டின் மாதிரிக் கோப்பான நிஃப்பைத் திறந்து திருத்த நிஃப்ஸ்கோப், மூன்றும் வேண்டும். மூன்றும் இலவசம். மாரோவிண்டுக்கென்றே பிளெண்டருக்கு ஒரு ஆட்-ஆன் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். எதை எப்படி நிறுவுவது என்றெல்லாம் போகப் போவதில்லை.

முதல் மரமாகத் தென்னையைத் தொடாதீர்கள். தென்னங்கீற்றின் மெல்லிய இலைகள் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே மறைந்துவிடும். ஏன் என்பது கீழே வருகிறது. பனையோலை விசிறி போல அகலமானது, ஒரு சதுரப் படத்துக்குள் கச்சிதமாக அடங்கும்.

1. ஓலையைப் படம் எடுப்பது

வளர்ந்த பனையில் ஓலை எட்டாது. வடலியை, அதாவது இளம் பனையைத் தேடுங்கள், ஓலை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். வெயிலில் எடுத்தால் ஓலை மடிப்புகளின் நிழல் படத்தில் பதிந்துவிடும், விளையாட்டுச் சூரியன் வேறு பக்கம் இருக்கும்போது அது உறுத்தும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் மேகம் மூடிய காலை வேளைதான் சரியான நேரம். ஓலைக்குப் பின்னால் நீலப் படுதா பிடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம், ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும்.

நான் படம் எடுத்த விளையில் இருந்த பனையேறித் தாத்தா ஓலையை வெட்ட விடவில்லை. "மக்களே, கருக்குல கை வைக்காத, கீறிரும். நான் சாச்சுப் பிடிக்கேன், நீ எடு" என்று மட்டையை வளைத்துப் பிடித்தார். அந்தக் கருக்கையும் கிட்டப் போய்ப் படம் எடுங்கள். மட்டையின் இரு ஓரமும் கறுத்த ரம்பப்பல் போல இருக்கும். படத்தில் அது வந்தால்தான் பனை, இல்லாவிட்டால் ஏதோ ஒரு விசிறிச் செடி.

பச்சை ஓலை ஒன்று, காய்ந்த காவோலை ஒன்று, தண்டின் பட்டை ஒன்று. மூன்று படம் போதும்.

2. ஜிம்பில் வெட்டுவது

படத்தை 512க்கு 512 ஆக்குங்கள். நீள அகலம் 256, 512, 1024 என்று இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டும். நீலத்தை நீக்கி ஓலையை மட்டும் தனியே எடுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான வேலை. வெட்டிய ஓலைக்கு அடியில் ஒரு புது லேயர் போட்டு ஓலையின் பச்சையையே முழுக்க நிரப்புங்கள். ஓலையின் வடிவத்தைத் தேர்வாக எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, அந்த வடிவத்தை லேயர் மாஸ்க்காக, அதாவது எது தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பாகச் சேர்த்து, மாஸ்க்கை அப்ளை செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பச்சை நிறம் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் விளையாட்டில் ஒவ்வொரு ஓலையைச் சுற்றியும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு விளிம்பு தெரியும்.

3. பிளெண்டரில் மரம்

அளவுதான் முதல் கணக்கு. மாரோவிண்டில் சுமார் 70 அலகு ஒரு மீட்டர். 18 மீட்டர் பனை வேண்டுமென்றால் 1260 அலகு உயரம். தண்டுக்கு எட்டுப் பக்க உருளை போதும். அடியில் கொஞ்சம் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கட்டும். நூல் பிடித்தாற்போல் நிற்கும் பனை பொம்மை மாதிரி இருக்கும்.

ஓலைக்கு ஒரு சதுரத்தை எடுத்து நடுநரம்பு வழியாக மடித்து, நுனியைத் தொங்க விடுங்கள். அதை முப்பது தடவை நகலெடுத்து உச்சியைச் சுற்றி வையுங்கள். கோணமும் சாய்வும் ஒன்றுக்கொன்று மாறியிருக்க வேண்டும். இந்த விளையாட்டு ஓலையின் ஒரு பக்கத்தைத்தான் வரையும், எனவே எல்லா ஓலைகளையும் நகலெடுத்து நார்மல்களை, அதாவது பரப்பு பார்க்கும் திசையைத் திருப்பிவிடுங்கள். இவ்வளவு செய்தும் மொத்தம் சில நூறு முக்கோணத்துக்குள் அடங்கிவிடும்.

காவோலையை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஆள் ஏறும் பனையில் காய்ந்த ஓலை தங்காது. பனையேறி கழித்துவிடுவார், உச்சி சுத்தமாக இருக்கும். ஏறாத பனையில் காவோலை கழுத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். அதனால் இரண்டு மாதிரி செய்யுங்கள்: ஊரை ஒட்டி நடுவதற்குக் கழித்த பனை, ஆளில்லாக் கரைக்குக் காவோலை தொங்கும் பனை. நேரமிருந்தால் பெண் மரமான பருவப்பனைக்கு நுங்குக் குலையும் வையுங்கள். ஆண் மரமான அலகுப்பனையில் நுங்கு காய்க்காது, எல்லா மரத்திலும் தொங்கவிட்டு விடாதீர்கள்.

அப்புறம் மோதல். எதுவும் சொல்லாவிட்டால் விளையாட்டு ஒவ்வொரு ஓலையையும் சுவராக எடுத்துக்கொள்ளும். வடலிப் பக்கம் நடந்தாலே ஆள் முட்டி நிற்பான். பிளெண்டரின் வெற்றுப் பொருளான எம்ப்டி ஒன்றைச் சேர்த்து 'கொலிஷன்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, அதற்குக் கீழே தண்டின் அளவுக்கு ஓர் எளிய உருளையை மட்டும் வையுங்கள். நிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது அதுவே விளையாட்டு மோதலுக்குப் பார்க்கும் ரூட் கொலிஷன் நோடாக மாறிவிடும்.

4. ஆல்பா

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். மரம் விளையாட்டுக்குள் வந்துவிடும், ஆனால் பின்னால் இருக்கும் ஓலை முன்னால் தெரியும். ஒரு அடி நகர்ந்தால் வரிசை மாறும். ஓலைக்குள் ஓட்டை விழுந்து வானம் தெரியும்.

காரணம் ஆல்பா பிளெண்டிங். ஆல்பா என்றால் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஒளிபுகும் என்ற அளவு. ஒளிபுகும் பரப்புகளைத் தூரத்திலிருந்து கிட்ட என்ற வரிசையில் வரைந்தால்தான் பிளெண்டிங் சரியாக வரும். உங்கள் முப்பது ஓலையும் ஒரே மெஷ் (முப்பரிமாண வடிவம்) என்பதால் விளையாட்டு அவற்றைத் தனித்தனியாக வரிசைப்படுத்தாது. மரத்துக்கு வேண்டியது ஆல்பா டெஸ்டிங். ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. வரிசை பற்றிய கவலையே இல்லை.

நிஃப்ஸ்கோப்பில் நிஃப்பைத் திறந்து, ஓலையின் டிரை-ஷேப்பில் நை-ஆல்பா-பிராப்பர்டி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வலது சொடுக்கி அட்டாச் பிராப்பர்டியில் சேர்க்கலாம். ஃபிளாக்ஸில் 237 என்று இருந்தால் அது பிளெண்டிங். அதை 4844 ஆக்குங்கள், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பிரிக்கும் எல்லையான திரெஷோல்டை 128 ஆக்குங்கள். ஓலை கெட்டியாகிவிடும்.

இதோடு பாதிதான் தீர்ந்தது. தூரம் போகப் போக விளையாட்டு படத்தின் சிறிய நகல்களை, அதாவது மிப்மேப்களைப் பயன்படுத்தும். சிறியதாக்கும்போது ஓலை விரல்களின் ஓரம் சுற்றியுள்ள வெறுமையோடு கலந்து ஆல்பா 128க்குக் கீழே இறங்கும். டெஸ்டிங் அந்தப் புள்ளிகளைத் தூக்கி எறியும். கிட்டே அடர்த்தியாக நிற்கும் பனை தூரத்தில் மொட்டையாகத் தெரியும். தென்னையில் இது இன்னும் மோசம், அதைத்தான் மேலே சொன்னேன்.

தீர்வு ஜிம்பிலேயே இருக்கிறது. விளையாட்டு படிக்கும் பட வகையான டிடிஎஸ் ஆக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் மிப்மேப் உருவாக்கச் சொல்லி, கூடுதல் தெரிவுகளில் பிரிசர்வ் ஆல்பா டெஸ்ட் கவரேஜ் என்பதை இயக்கி, திரெஷோல்டை 0.5 ஆக (மேலே சொன்ன 128க்கு இணை) வையுங்கள். சிறிய நகல்களிலும் ஓலையின் பரப்பு குறையாமல் இருக்கும். சுருக்க முறையில் எனக்குப் பிடித்தது டிஎக்ஸ்டி5. டிஎக்ஸ்டி1 அளவில் பாதிதான், ஆனால் ஓலை நுனி கத்தரித்தாற்போல் கரடுமுரடாகிவிடும். 512 படம் டிஎக்ஸ்டி5இல் மிப்மேப் இல்லாமல் 256 கேபி. பழைய மடிக்கணினிக்குக்கூட இது சுமையில்லை.

5. நடுவது

நிஃப்பை டேட்டா ஃபைல்ஸில் மெஷஸ் அடைவிலும், டிடிஎஸ்ஸை டெக்ஸ்சர்ஸ் அடைவிலும் போடுங்கள். கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் மாரோவிண்ட் மாஸ்டர் கோப்பைத் திறந்து, அசையாப் பொருள்களுக்கான ஸ்டாட்டிக் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்த்து உங்கள் நிஃப்பைக் காட்டுங்கள். இழுத்து நிலத்தில் விட்டு எஃப் விசையை அழுத்தினால் தரையில் வந்து உட்காரும். அதன் பிறகு கொஞ்சம் மண்ணுக்குள் இறக்குங்கள். அளவை 0.5 முதல் 2 வரை மாற்றலாம், ஆனால் 0.8க்கும் 1.2க்கும் இடையில் நின்றால் போதும். சிறுத்த பெரும்பனை வடலியாகாது, அதற்குத் தனி மாதிரிதான் வேண்டும்.

பிற்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்தவர்கள் சிலர் கேட்டவை:

பிளெண்டரில் தள்ளிப் போய்ப் பார்த்தால் மரம் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்றார் மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர். மரத்தில் குறையில்லை. வியூ தாவலில் கிளிப் எண்ட், அதாவது எவ்வளவு தூரம் வரை காட்டுவது என்ற எல்லை, 1000 என்று இருக்கும், நம் பனை அதைவிட உயரம். அதை 20000 ஆக்கினால் போதும்.

என் கணினியில் ஓலை தெரிகிறது, நண்பனுக்கு அனுப்பினால் தெரியவில்லை என்று இன்னொருவர். நிஃப்ஸ்கோப்பில் நை-சோர்ஸ்-டெக்ஸ்சரைப் பாருங்கள். உங்கள் கணினியின் முழுப் பாதையும் அதில் ஏறியிருக்கும். படத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கவும் வேண்டாம், பழைய நிரல் அதைப் படிக்காது.

மாரோவிண்டை ஓட்டும் திறந்த மூல நிரலான ஓபன்எம்டபிள்யூவில் விளையாடுபவர்களுக்கும் இதே கோப்புகள் அப்படியே வேலை செய்யும். ஓலை நுனி மினுமினுத்தால் ஓரங்களை மென்மையாக்கும் ஆன்டி-ஏலியாசிங்கை இயக்கிவிட்டு, லாஞ்சரில் ஆல்பா டெஸ்டிங்குக்கென்று உள்ள ஆன்டி-ஏலியாசிங் தெரிவையும் இயக்குங்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவது வேலை செய்யாது.