மின்கை கைக்கு வந்த முதல் மாதம்: பழகும் விதம்

1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தின் முடிவில், கதாநாயகனுக்குப் புதிதாகப் பொருத்திய இயந்திரக் கையை மருத்துவ ரோபோ ஊசியால் குத்திப் பார்க்கும். அவன் விரல்கள் வெடுக்கென்று சுருங்கும். முழங்கைக்குக் கீழே என் இடக்கை போன பிறகு, அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் என் மின்கைக்காகக் காத்திருந்தேன். வந்த கைக்கு ஊசியும் தெரியவில்லை, என் பேச்சும் புரியவில்லை. முதல் வாரமே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு எலக்ட்ரோடு (தோலைத் தொட்டிருக்கும் உணரி) வைத்த மயோஎலக்ட்ரிக் கைக்கு, அதாவது தசையில் எழும் மின்சாரத்தைக் கொண்டு இயங்கும் கைக்கு, இது பொருந்தும்.

கை வருவதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். தசை இறுகும்போது தோலின் மேல் மில்லிவோல்ட் கணக்கில் சிறு மின்சாரம் எழும். எலக்ட்ரோடு அதைப் பிடித்து மோட்டாருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். மூளையின் எண்ணத்தை அது படிப்பதில்லை. இல்லாத உள்ளங்கையை உள்பக்கம் மடக்குவதாக நினையுங்கள். முன்கையின் உள்பக்கத் தசை எழும்பும். இது மூடுவதற்கு. புறங்கைப் பக்கம் நிமிர்த்துவதாக நினைத்தால் வெளிப்பக்கத் தசை. இது திறப்பதற்கு. நல்ல கையையும் கூடவே அதே மாதிரி அசைத்தால் சட்டென்று பிடிபடும். மற்றக் கையின் விரலைத் தசைமேல் வைத்துப் பார்த்தால் எது எழும்புகிறது என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கை அசையவில்லை என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தையும் போடுவோம். அப்போது இரண்டு தசையும் சேர்ந்து இறுகும். எதைக் கேட்பது என்று தெரியாமல் கை நின்றுவிடும். பல கைகளில் இரண்டையும் சேர்த்து இறுக்குவதுதான் பிடியை மாற்றும் சைகை, அதனால் குழப்பம் இன்னும் கூடும். நிஜமாகக் கற்க வேண்டியது, ஒரு தசை வேலை செய்யும்போது இன்னொன்றைச் சும்மா விடுவது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். தசை களைத்த பிறகு செய்யும் பயிற்சி வீண்.

கை வந்ததும் காகிதக் கோப்பையில் தொடங்குங்கள். காலிக் கோப்பையை மேசைமேல் வைத்து விரல்களை அருகில் கொண்டுபோங்கள். மூடும் தசையை லேசாக, மிக லேசாக இறுக்குங்கள். மோட்டார் 'ஈ...' என்று முனகும். விரல் காகிதத்தைத் தொட்ட கணத்தில் அந்த ஒலி சற்றே கனக்கும். அங்கே நிறுத்துங்கள். நான் நசுக்கிய கோப்பைகளுக்குக் கணக்கில்லை, ஆனால் அந்த ஒலி மாற்றம் காதில் விழுந்த நாளில்தான் கை என் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. தொடு உணர்வு இல்லாத கைக்குக் கண்ணும் காதும்தான் தோல். அப்புறம் கோப்பையில் பாதி தண்ணீர் ஊற்றிப் பழகுங்கள்.

கையில் எத்தனை பிடிகள் இருந்தாலும் முதல் மாதம் இரண்டு போதும்: முழுக்கைப் பிடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கிள்ளுப் பிடி. மின்கையை உதவிக் கையாக நினையுங்கள். அது புட்டியைப் பிடிக்கட்டும், நல்ல கை மூடியைத் திருகட்டும். சூடான பாத்திரமும் குழந்தையும் இப்போதைக்கு வேண்டாம். என் மகள் விரலைப் பிடிக்க நான் இன்றும் வலக்கையைத்தான் நீட்டுகிறேன்.

சாக்கெட் விஷயத்தில், அதாவது மிச்சக் கையை நுழைத்து மாட்டும் உறை விஷயத்தில், பொறுத்துப் போகாதீர்கள். என் முதல் சாக்கெட் தளர்வாக இருந்தது. கையை உயர்த்தினால் எலக்ட்ரோடு தோலைவிட்டு விலகி, பிடித்த பொருள் நழுவும். என் பயிற்சியில்தான் குறை என்று பல வாரம் நம்பினேன். கையைத் தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் கொண்டுபோய் இரு இடத்திலும் திறந்து மூடிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தகராறு என்றால், சாக்கெட்டைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். மிச்சக் கை நாளடைவில் மெலியும், அதனால் மறுபடியும் கேட்க வேண்டி வரும். தயங்க வேண்டாம்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குமேல் அணியாதீர்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறைந்தால் சரி, அரை மணி கழித்தும் நின்றால் அந்த இடம் அழுந்துகிறது. இரவில் சாக்கெட்டின் உட்புறத்தைத் துடைத்துக் காற்றாட வைத்து, பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். காலையில் கை மந்தமாக இருந்தால் தோல் வறண்டிருக்கலாம். எலக்ட்ரோடு படும் இடத்தை ஈர விரலால் தொட்டுவிட்டு மாட்டிப் பாருங்கள்.