மாம்பழத் தோல் காடி: காற்றை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது

வைகாசி, ஆனியில் காவேரிப்பட்டணம் பக்கம் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் மாம்பழத் தோலும் கொட்டையும் ஒரு கூடை கிடக்கும். பெங்களூரா காய் டன் கணக்கில் கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும். சேந்தூராவும் நீலமும் வீட்டில் தின்று தீரும். அந்தத் தோலில் ஒட்டியிருக்கும் சதையும் மணமும் குப்பைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் காடி, அதாவது வினிகர், போட ஆரம்பித்தேன்.

முதல் முறை போட்டது வீணானது. தோலையும் சர்க்கரைத் தண்ணீரையும் ஜாடியின் கழுத்துவரை நிரப்பி, ஊறுகாய்க்கு மூடுவது போல இறுக்கி மூடி வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி அடித்தது. புளிப்பு பேருக்குத்தான் இருந்தது. தோல், சர்க்கரை, தண்ணீர் எதிலும் குறையில்லை. காற்று போக வழியில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தப் பதிவு முழுக்கக் காற்றைப் பற்றியே இருக்கும்.

காற்று எதற்கு?

ஜாடிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் பழத்தோலில் இயல்பாக ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும். அப்புறம் அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக்கும். உயிருள்ள நுண்ணுயிர்தான் காற்றின் துணையோடு இந்தப் புளிப்பை உண்டாக்குகிறது என்று 1860களில் லூயி பாஸ்டர் நிறுவினார்.

ஈஸ்ட்டுக்குக் காற்று கொஞ்சம் போதும். பெருகும்போது தன் செல் சவ்வைக் கட்டிக்கொள்ள அதற்கு ஆக்சிஜன் தேவை. பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கஷாயத்தை ஆறவைத்து, ஈஸ்ட் போடும் நேரத்தில் ஒரே ஒரு தடவை நன்றாகக் காற்று ஏற்றுவார்கள். லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அதன்பிறகு காற்றே படாமல் மூடிவிடுவார்கள். (தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. நமக்கு வேண்டியதும் காடிதான்.)

பாக்டீரியாவின் பசி வேறு மாதிரி. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டால் சுமார் 50 கிராம் ஆல்கஹால் உண்டாகும். அத்தனையும் புளிப்பாக மாற 30 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். ஆக, தண்ணீர் தன்னிடமுள்ள ஆக்சிஜனை நாலாயிரம் தடவைக்கு மேல் இழந்து, திரும்பத் திரும்பக் காற்றிலிருந்து வாங்க வேண்டும். ஒரு லிட்டர் காடிக்கு 100 லிட்டருக்கும் அதிகமான காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே அந்த இறுக்கமான மூடியைத் தூக்கிப் போட்டேன்.

என்னென்ன வேண்டும்

ஆறேழு பழத்தின் தோலும் கொட்டையும், அரைக் கிலோவுக்குக் குறையாமல். தண்ணீர் ஒன்றரை லிட்டர், சர்க்கரை 150 கிராம். வெல்லமும் போடலாம், நிறம் கறுக்கும். அகன்ற வாய் உள்ள கண்ணாடி ஜாடி அல்லது பீங்கான் ஊறுகாய் ஜாடி, குறைந்தது மூன்றரை லிட்டர் பிடிப்பது. அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் கூடாது, அமிலம் அரித்துவிடும். பழைய வேட்டித் துணி ஒரு துண்டு, ரப்பர் பேண்ட், மர மத்து.

முதல் நாள்

பழத்தை நறுக்குவதற்கு முன்பே காம்புப் பக்கத்துப் பால் போகும்படி நன்றாகக் கழுவுங்கள். கார்பைடு போட்டுப் பழுக்க வைத்த பழம் என்று சந்தேகம் இருந்தால் அந்தத் தோல் வேண்டாம்.

குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். கொதிக்கவிட்டால் போய்விடும். ஆனால் கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் சேர்ந்து வெளியேறிவிடும். அதனால் சர்க்கரையைக் கரைத்து, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். சூடான நீரில் காற்று தங்காது.

ஆறியதும் டீக்கடையில் டீ ஆற்றுவது போல இரண்டு பாத்திரத்துக்கு இடையில் ஒரு கை உயரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை ஊற்றுங்கள். நுரை கட்ட வேண்டும். ஈஸ்ட்டுக்கு வேண்டிய காற்று இதிலேயே ஏறிவிடும். பாதி நிரம்பிய பாட்டிலில் ஊற்றி இரண்டு நிமிடம் குலுக்கினாலும் இதே பலன். எனக்கு ஆற்றுவதுதான் கைவந்தது.

தோலையும் கொட்டையையும் ஜாடியில் போட்டு இந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். ஜாடி முக்கால் பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கொசுவலைத் துணி போதாது, பழத்தை மொய்க்கும் சின்ன ஈ அதில் நுழைந்துவிடும்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள்

தினமும் காலையும் மாலையும் மத்தால் ஒரு நிமிடம் கடையுங்கள். மோர் கடைகிற வேகம் வேண்டாம், மேலே மிதக்கும் தோல் உள்ளே அமுங்கி வந்தால் சரி. காற்றும் ஏறும், மிதக்கும் தோலில் பூஞ்சணமும் பிடிக்காது. இரண்டாம் மூன்றாம் நாளில் குமிழி வரும், கள் வாசம் வரும். இந்தக் கட்டத்தில் இருப்பது குடிக்கும் பானம் இல்லை, யாரும் ருசி பார்க்க வேண்டாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போலப் பூஞ்சணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டுத் தொடர்வது சரியில்லை.

வடிகட்டிய பிறகு

குமிழி அடங்கியதும் தோலைப் பிழிந்து வடிகட்டுங்கள். 'மதர்' (பாக்டீரியா கட்டும் படலம்) உள்ள, சூடுபடுத்தாத ஆப்பிள் சிடர் வினிகர் கடையில் கிடைக்கும். அதில் ஒரு டம்ளர் சேர்த்தால் பாக்டீரியாவும் வந்து சேரும், ஆரம்பப் புளிப்பு பூஞ்சணத்தையும் தடுக்கும்.

இனிமேல் கடையவே கூடாது. ஒரு வாரத்தில் மேலே ஆடை போல ஒரு படலம் கட்டும். அதுதான் மதர். பாக்டீரியா காற்றுக்காகத் தானே கட்டிக்கொள்ளும் தெப்பம் அது. கிளறினால் மூழ்கிவிடும். மூழ்கியதற்குக் காற்று கிடைக்காது, புதிதாக ஒன்று கட்டும்வரை வேலை நின்றுபோகும். 'முற்றிவிட்டதா' என்று ஜாடியைத் தினமும் ஆட்டிப் பார்ப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

இப்போது காற்று மேல்பரப்பு வழியாக மட்டுமே போகிறது. அதனால் திரவம் ஆழமாக நிற்காமல் அகலமாகப் பரவி இருக்க வேண்டும். ஒரு விரல் நீளத்துக்கு மேல் ஆழம் இருந்தால் இரண்டு ஜாடியாகப் பிரித்துவிடுங்கள். அலமாரிக்குள் பூட்டாமல், வெயில் படாமல், காற்றோட்டமான திண்ணைப் பக்கம் வையுங்கள். 25 முதல் 30 டிகிரி நல்லது. 35-ஐத் தாண்டினால் பாக்டீரியா சோர்ந்துவிடும், ஆகவே ஓட்டு வீட்டுப் பரண் வேண்டாம்.

மீன்தொட்டி பம்ப் வைத்துக் குமிழி விட்டால் சீக்கிரம் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகும். தொழிற்சாலையில் தொட்டிக்குள் காற்றை ஊதித்தான் ஓரிரு நாளில் முடிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு நிமிடம் காற்று நின்றாலே பாக்டீரியா பெருமளவு செத்துப்போகும். கரண்ட் போய்ப்போய் வருகிற ஊரில் அந்தப் பதற்றம் எதற்கு? ஓயாமல் ஊதும் காற்று மாம்பழ மணத்தையும் ஆல்கஹாலையும் கூடவே கொண்டுபோய்விடும். மணத்துக்காகத்தானே தோலைச் சேர்த்தோம்! புதிதாகப் போடுகிறவர்களுக்கு அகன்ற ஜாடியே நல்லது என்பது என் முடிவு.

நிறுத்தும் நேரம்

நாலு முதல் ஆறு வாரத்தில் கள் வாசம் போய் மூக்கைத் துளைக்கும் புளிப்பு மட்டும் இருக்கும். அன்றே காற்றை நிறுத்த வேண்டும். ஆல்கஹால் தீர்ந்தபின் அதே பாக்டீரியா தான் உண்டாக்கிய அமிலத்தையே தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும். இன்னும் ஊறட்டும் என்று விட்டுவைத்த காடி நீர்த்துப்போவது இதனால்தான்.

கடையில் விற்கும் வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும். வீட்டுக் காடியின் அளவை நாக்கால் சொல்ல முடியாது. வெங்காயத்தில், வெள்ளரியில் ஊற்றிச் சாப்பிடுங்கள், மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு இதை நம்ப வேண்டாம்.

சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் வாய்வரை, மேலே காற்றுக்கு இடமே விடாமல் நிரப்பி இறுக்கி மூடுங்கள். முதல் தடவை தப்பான நேரத்தில் நான் போட்ட அதே மூடி இப்போது சரியாக இருக்கும். மதரை ஒரு டம்ளர் காடியில் மூழ்க வைத்து எடுத்து வையுங்கள். நீலம் கடைசியாகத்தான் சந்தைக்கு வரும், அந்தத் தோலுக்கு இன்னொரு ஜாடி போடலாம்.