பழைய மாவு மில்லைக் காப்பாற்ற: தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள்

நான் கைவைத்த முதல் பழைய மில்லை ஆர்வக்கோளாறில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். இடுக்குகளில் கிடந்த மாவு பசையாகி இறுகியது. பல்சக்கரத்தின் மரப்பற்கள் ஊறிப் பருத்து, சக்கரம் அசையவே இல்லை. அது காய மூன்று மாதம் ஆயிற்று.

அதனால் தூரிகையும் முறமும் போதும், தூசி கிளம்பாமல் மெல்லக் கூட்டுங்கள். அன்றைக்கு வெல்டிங், சிகரெட் எதுவும் உள்ளே வரக்கூடாது. 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் 'ஏ' மில் மாவுத்தூசியால்தான் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள்.

கூட்டுவதற்கும் முன்னால், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துச் சுவர்களையும் தூண்களையும் பாருங்கள். மில்காரர்கள் மூட்டைக் கணக்கைப் பென்சிலால் அங்கேதான் கிறுக்கி வைப்பார்கள். படமெடுக்காமல் வெள்ளையடித்தால் போனது போனதுதான்.

அடுத்து அரைக்கும் கல். ஒரே பாறையில் வெட்டியதா, துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டதா என்று கவனியுங்கள். பட்டை போட்டதென்றால் பிரான்சின் லா ஃபெர்தே-சூ-ஜுவார் கல்லாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அது கடல்கடந்து போன சரக்கு. 1870களுக்குப் பிறகு, கல்லுக்குப் பதில் உருளைகளால் அரைக்கும் உருளை மில்கள் பரவ, கல்லுக்கு மவுசு குறைந்தது.

மேல்கல் ஒரு டன் வரை இருக்கும். கப்பி போட்டுத் தூக்கினாலும் கட்டை முட்டுக்கொடுக்காமல் அடியில் கை நீட்டாதீர்கள். மீண்டும் அரைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் கல்லைக் கொத்துங்கள். நேரான மரச்சட்டத்தில் காவி பூசிக் கல்மேல் இழுத்தால், மேடான இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அங்கே கொத்தினால் போதும். இரண்டு கல்லுக்கும் இடையே, மையத்தில் தானியம் நுழைய இடைவெளி, விளிம்புக்கு வரவரக் காகிதம் அளவு; கல்லோடு கல் உரசவே கூடாது. தானியம் போடாமல் ஓட்டினால் தீப்பொறி பறக்கும். காட்சிக்கு மட்டும் என்றால் உளியை எடுக்காதீர்கள். கடைசியாகக் கொத்தியவரின் கைவேலை அதில் இருக்கிறது, அதை அழிக்க எனக்கு மனம் வராது.

மரப்பல் உடைந்திருந்தால் அதே அளவில் செதுக்கி மாட்டலாம். ஆனால் பற்களின் எண்ணிக்கையைச் சீராக்குகிறேன் என்று மாற்றிவிடாதீர்கள். ஒரே இரு பற்கள் சுற்றுக்குச் சுற்று மோதித் தேயாதிருக்க, வேண்டுமென்றே ஒரு பல் கூடுதலாக வைத்திருப்பார்கள். கழற்றிய பல்லில் எண் எழுதி, ஒரு பெட்டியில் போட்டு மில்லிலேயே வையுங்கள்.