ஊட்டி மழையில் ஓர் உள்ளரங்கப் பூங்கா: சிறு பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

ஊட்டியில் மழை பிடித்துக்கொண்டால் தாவரவியல் பூங்காவும் படகுச் சவாரியும் அன்றைக்கு அவ்வளவுதான். கார்ட்டூன் உருவங்களும் பந்துக்குளமும் சறுக்குமரமும் நிறைந்த உள்ளரங்க விளையாட்டுக் கூடம்தான் அப்போது கைகொடுக்கும். அங்கே போகும் பெற்றோர் டிக்கெட் விலையைவிடப் பிள்ளையின் உடுப்பைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் மலையேறும் வேலை. சொந்த வண்டியில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. வீட்டிலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையம் வழியாக வந்தால், அடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும்போது பிள்ளைக்கு இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பால் வேண்டாம். வழியில் வரும் பர்லியாறில் வண்டியை நிறுத்தி, இறக்கிக் கொஞ்சம் நடக்க விடுங்கள். வாந்தியெடுத்துத் துவண்ட பிள்ளையை அன்றே பூங்காவுக்கு இழுத்துப் போகாதீர்கள், மறுநாள் போகலாம்.

அடுத்தது உடுப்பு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளியே குளிர் காதைக் கடிக்கும். கூடத்துக்குள்ளோ பத்து நிமிட ஓட்டத்தில் பிள்ளை வியர்த்து வடியும். கெட்டியான ஒரே ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டிவிட்டால் அதைக் கழற்றுவதே பெரும்பாடு. உள்ளே பருத்திச் சட்டை, மேலே பட்டன் வைத்த ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு என்று அடுக்கிப் போடுங்கள். நுழைந்ததும் மேலிரண்டையும் கழற்றிவிடுங்கள். அவ்வப்போது கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள்; முதுகு ஈரமாக இருந்தால் உட்காரவைத்துத் துடைத்துவிடுங்கள். பையில் மாற்றுச் சட்டையும் இரண்டு ஜோடி சாக்ஸும் கட்டாயம் இருக்கட்டும். பல இடங்களில் சாக்ஸ் இல்லாமல் விளையாட விடமாட்டார்கள். மழையில் நனைந்த சாக்ஸ் எதற்கும் உதவாது.

கவுண்டரில் கேட்க வேண்டியவை: டிக்கெட்டுக்கு எவ்வளவு நேரம், பெற்றோருக்குத் தனிக் கட்டணமா, வெளியே போய்த் திரும்ப வரலாமா, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும். உயரத்தை முன்பே கேட்டுவிட்டால், வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படும் அழுகை மிச்சம்.

உள்ளே போனதும் நேராகப் பெரிய சறுக்குமரத்துக்கு ஓடாதீர்கள். சிறுசுகளுக்கென்று ஒதுக்கிய மூலையில் தொடங்குங்கள். டிராம்போலினில் பெரிய பையன்கள் குதிக்கும்போது சின்னவளை ஏற்றவே கூடாது. அவர்கள் குதிக்கும் வேகத்தில் இவள் தூக்கியெறியப்படுவாள். பந்துக்குளத்தில் இறங்குமுன் கம்மல், கொலுசு, கிளிப் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் விழுந்த கொலுசைத் தேடி எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

கார்ட்டூன் வேடம் போட்டவர் வருவார். திரையில் பார்த்துச் சிரித்த அதே பூனை ஆளுயரத்தில் நின்றால் மூன்று வயதுப் பிள்ளை அம்மாவின் புடவைக்குள் முகம் புதைக்கும். "பயப்படாதே, போய்க் கை கொடு" என்று தள்ளாதீர்கள். தூரத்தில் நின்று நீங்கள் கையசையுங்கள். வேடக்காரர் குனிந்து கையை நீட்டி, பிள்ளையாகவே ஓரடி எடுத்து வைத்தால் போட்டோ எடுக்கலாம். இல்லாவிட்டால் போட்டோ இல்லாமல் போகட்டும்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. கொறிக்க வர்க்கி போதும்.

கிளம்புவதற்குக் கால் மணி முன்பே விளையாட்டை நிறுத்துங்கள். வியர்வை அடங்கி, சட்டை மாற்றி, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். வண்டியை ஒருவர் வாசலுக்குக் கொண்டுவரும் வரை பிள்ளைகள் உள்ளேயே இருக்கட்டும்.