வின்னிபெக் குளிருக்கு ஒரு கராஜ் கதவு

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி புதிதில்லை. ஜூலையில் பிளஸ் 30-ஐயும் தொடும். வீட்டோடு வந்த கராஜ் கதவோ ஒற்றைத் தகடு. உள்பக்கம் முழுக்க உறைபனி பூத்திருக்கும். அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ள, மோட்டார் முனகும்.

புதுக் கதவுக்கு மரம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன்: ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பியதை எடுத்தேன். அதே தடிமனில் தெர்மாகோலைவிட இது குளிரை நன்றாகத் தடுக்கும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 24 கேஜ் கேட்டு வாங்கினேன். விளம்பரத்தில் போடும் ஆர் மதிப்பு (வெப்பம் கடப்பதை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) பெரும்பாலும் பலகையின் நடுப்பகுதிக்குத்தான். குளிர் நுழைவதோ ஓரங்களில். அதனால் அடியில் வினைல் பட்டை வேண்டாம், குளிரில் விறைத்துவிடும் என்று சொல்லி குளிரிலும் வளைந்து கொடுக்கும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் போடச் சொன்னேன். பனிக்கு முன்பே அதில் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்துவிட்டால் தரையோடு அவ்வளவாக ஒட்டாது.

கடைக்காரர் கறுப்புதான் அழகு என்றார். ஆனால் கறுப்பென்றால் மேற்கு வெயிலில் வெளித்தகடு சூடேறி விரிந்து கதவு வளையலாம். வெளிர் சாம்பலே போதும் என்றேன். அப்புறம், இந்தக் கதவு கனம் அதிகம். கதவைத் தூக்க உதவும் ஸ்பிரிங்கையும் அந்த எடைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அதை மட்டும் வேலை தெரிந்த ஆளை வைத்தே செய்யுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும்.