அடுத்த டேப்லெட்டுக்குக் காத்திருப்பவர்கள் முதலில் ஒரு ஏ4 தாளை மடியுங்கள்

ஆப்பிளின் ஐபேட் மினியில் ஓஎல்இடி திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ரகம்) வருகிறதாம், 18 இன்ச்சுக்கு விரிகிற மடக்கு ஐபேட் ஒன்று தயாராகிறதாம், சாம்சங் அடுத்த சுற்றில் எந்த அளவை நிறுத்தப் போகிறதோ தெரியவில்லையாம். வாரத்துக்கு ஒரு சேதி இப்படி வந்து விழுகிறது. அதைப் படித்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற டேப்லெட்டை விற்கக் கிளம்புகிறவர்கள் உண்டு, உடைந்த திரையோடு இன்னும் ஆறு மாதம் பொறுக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். என் கையிலிருந்து நழுவி விரிசல் விட்ட கண்ணாடியில் செலோடேப் ஒட்டிக்கொண்டு, 'இதோ வருகிறது' என்று பேசப்பட்ட ஒரு மாடலுக்காக ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். கடைசியில் வாங்கியது, காத்திருக்க ஆரம்பித்த அன்றே கடையில் இருந்த அதே அளவைத்தான்.

அதனால் நான் இப்போது வைத்திருக்கிற வரிசை இது: முதலில் அளவு, அப்புறம்தான் வதந்தி. சிப் ஏறக்குறைய வருடா வருடம் மாறும், அதைத் துரத்தி முடியாது. அளவு அப்படி இல்லை. 2010-ல் வந்த முதல் ஐபேட் 9.7 இன்ச், 2018-ல் வந்த அடிப்படை ஐபேடும் அதே 9.7 இன்ச், 2019-ல்தான் அது 10.2 ஆனது. அளவை ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால் வருகிற செய்திகளில் முக்கால்வாசியை நீங்கள் படிக்கவே வேண்டியதில்லை.

அளவைப் பிடிக்க கடைக்குப் போக வேண்டாம், வீட்டில் ஒரு ஏ4 தாள் போதும். ஏ4 என்பது 29.7 செ.மீ.க்கு 21 செ.மீ. அதன் நீளத்தில் ஒன்றரை செ.மீ. மடித்துவிட்டால் கிட்டத்தட்ட 13 இன்ச் ஐபேட் ப்ரோவின் உடம்பு (28.2-க்கு 21.6). அதே தாளைச் சரிபாதியாக மடித்து நீளத்திலும் அகலத்திலும் ஒரு விரலகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டினால் ஐபேட் மினி (19.5-க்கு 13.5). 11 இன்ச் வேண்டுமென்றால் 25-க்கு 17.8 என்று அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டியதைப் பழைய பிஸ்கட் டப்பா அட்டையில் ஒட்டி இரண்டு நாள் கூடவே வைத்திருங்கள், பைக்குள் போகிறதா, பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் இதைப் பிடிக்க முடிகிறதா, சமையல் மேடையில் இதைச் சாய்த்து வைத்தால் மிக்சிக்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்று. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எடையும் அப்படித்தான். ஐபேட் மினி 293 கிராம். 11 இன்ச் ஐபேட் ஏர் 460 கிராம், அதன் மேல் உறை போட்டால் அரை கிலோவைத் தாண்டிவிடும், அதாவது ஒரு அரை கிலோ ரவை பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். 13 இன்ச்சில் ஒரு வேடிக்கை உண்டு. 2024-ல் வந்த ப்ரோ 579 கிராம், அதே வருடம் வந்த விலை குறைந்த ஏர் அதைவிடக் கனம், 617 கிராம். ஆனாலும் 2010-ல் வந்த முதல் ஐபேட், 9.7 இன்ச் மட்டுமே இருந்துகொண்டு 680 கிராம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் யாரும் அன்றைக்குக் குறை சொன்னதாக நினைவில்லை.

இன்ச் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது மூலைக்கு மூலை அளப்பது, திரையின் வடிவத்தைச் சொல்லாது. 2012-ல் வந்த கூகுளின் நெக்ஸஸ் 7 டேப்லெட்டுக்கும் அதே வருடம் வந்த முதல் ஐபேட் மினிக்கும் பெயரளவில் வித்தியாசம் 0.9 இன்ச். ஆனால் திரையின் நீள அகல விகிதம் நெக்ஸஸில் 16:10, மினியில் 4:3, பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஒன்று 22 சதுர இன்ச், மற்றது 30. படம் பார்க்க 16:10 நல்லது. பக்கம் பக்கமாகப் படிக்க 4:3 பக்கம் வருகிற வடிவம்தான் நல்லது, இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இனி படிப்பது பற்றி. எனக்கு இதுதான் பிழைப்பு, புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பேன், வருவதெல்லாம் பிடிஎஃப். ஏ4 பக்கம் ஒன்றைப் பெரிதாக்காமல் முழுதாகத் திரையில் விட்டால் 8.3 இன்ச் மினியில் அது 55 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து ஆறரை பாயின்ட் ஆகிவிடும். ஆங்கிலத்தில் அதைக்கூட ஒப்பேற்றலாம், தமிழில் 'க'வுக்கு மேலே புள்ளி இருக்கிறதா இல்லையா, அது துணைக்காலா 'ர'வா என்று முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கும். 11 இன்ச் ஐபேடில் அதே பக்கம் 76 சதவீதம், எழுத்து 9 பாயின்ட், கண்ணாடி போட்டுக்கொண்டால் வேலை நடக்கும். 13-ல் 89 சதவீதம். இப்போது சாம்சங்கின் 14.6 இன்ச் அல்ட்ராவை எடுங்கள், அவ்வளவு பெரிய பலகை, எடை 700 கிராமைச் சுற்றி, ஆனால் வடிவம் 16:10 என்பதால் அகலம் இடிக்கிறது, ஏ4 பக்கம் 94 சதவீதம்தான் வரும். 13-ஐவிட ஐந்தே சதவீதம் கூடுதல். படிப்பதற்காக அதை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுவேன். இரண்டு பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு, படம் வரைகிறவர்களுக்கு அது வேறு கதை.

சாதாரண தமிழ் நாவல் கிரௌன் அளவில் இருக்கும், பக்கம் சுமார் 12 செ.மீ. அகலம். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களைப் படிக்க மினியே கிட்டத்தட்ட அச்சுப் புத்தக அளவுக்குக் காட்டிவிடும். நீங்கள் அதிகம் படிப்பது அலுவலகக் கோப்புகளையா, கதைப் புத்தகத்தையா என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

சரி, இப்போது வதந்திக்கு வருவோம். ஒரு டேப்லெட் கடைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு விதமான தகவல் ஒழுகும். முதலில் திரை செய்கிறவர்கள். சாம்சங் டிஸ்ப்ளே, எல்ஜி டிஸ்ப்ளே, பிஓஇ போன்ற இடங்களில் பேனலுக்கு வெகுநாள் முன்பே ஆர்டர் போக வேண்டும், எனவே அளவு பற்றிய சேதி அங்கிருந்துதான் கிளம்பும். ராஸ் யங் மாதிரி பேனல் சந்தையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சொல்வதை நான் அளவு விஷயத்தில் மதிக்கிறேன். ஆனால் தேதி விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை. ஓஎல்இடி ஐபேட் 2022-லேயே என்று பேச்சு அடிபட்டது, வந்தது 2024 மே மாதம். அடுத்து உறை செய்கிறவர்களிடம் அளவு பார்க்கப் போகிற டம்மி மாடல்கள், அதாவது வெறும் கூடுகள், இதில் கேமரா இடமும் பட்டன் இடமும் தெரியும், திரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்புறம் விற்பனைக்கு முன் அரசு அமைப்புகள் தருகிற சான்றிதழ்களின் பட்டியல்கள், அமெரிக்காவில் எஃப்சிசி, இந்தியாவில் பிஐஎஸ். அங்கே ஒரு மாடல் எண் வந்துவிட்டது என்றால் பொருள் உண்மையிலேயே இருக்கிறது, வெளிவருவதற்கு அதிக நாள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நம்பகமான அறிகுறி சலிப்பூட்டுவது: நிறுவனத்தின் சொந்தக் கடையில் இப்போதைய மாடலுக்கு டெலிவரி தேதி தள்ளிப்போக ஆரம்பிக்கும். விலை பற்றிய வதந்தியைப் படிக்கவே வேண்டாம்.

நிறுவனம் தானே வாய் திறந்து சொன்னாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் நம்ப வேண்டும். 7 இன்ச் டேப்லெட் வேலைக்காகாது, விரலைத் தேய்த்துக்கொள்ள உப்புத்தாளும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கிண்டலடித்தது 2010 அக்டோபரில். இரண்டே வருடத்தில் 7.9 இன்ச் மினி வந்தது.

வதந்தியில் நான் தேடுவது ஒரே ஒரு விஷயம்தான், என் அளவு தொடருமா நிற்குமா என்பது. இது வெறும் பயம் இல்லை. சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்9 வரிசையில் 11, 12.4, 14.6 என்று மூன்று அளவும் இருந்தன. 2024-ல் எஸ்10 வந்தபோது 11 இன்ச்சைக் காணோம். 2025-ல் எஸ்11-ல் 11 திரும்பி வந்தது, 12.4 காணாமல் போனது. மினியின் கதை இன்னும் மோசம்: 2015 செப்டம்பரில் நான்காவது, அடுத்தது 2019 மார்ச், அதற்கடுத்தது 2021 செப்டம்பர், அப்புறம் 2024 அக்டோபர். இடையில் அந்த மூன்றரை வருடம் 'மினி அவ்வளவுதான்' என்று எழுதாதவர்கள் குறைவு.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என் விடை இங்கிருந்துதான் வருகிறது. எட்டு இன்ச்சைச் சுற்றி ஒரு நல்ல டேப்லெட் கையில் இருந்தால் விற்காதீர்கள். அந்த அளவில் நல்ல திரையோடு செய்கிறவர்கள் மிகக் குறைவு, விற்றுவிட்டு மறுபடி வேண்டும் என்று தோன்றும்போது சந்தையில் சரியான ஆள் இருக்க மாட்டான். நல்ல திரை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 8.7 இன்ச்சில் 1340-க்கு 800 புள்ளிகளோடு வருகிற மலிவான டேப்லெட்டுகளில் ஒரு இன்ச்சுக்கு 180 புள்ளிதான் தேறும், மினியில் 326. அவை குழந்தைகள் பாட்டுக் கேட்க ஆகும், படிக்க ஆகாது.

10, 11 இன்ச்சை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். எல்லா நிறுவனமும் செய்கிறது, ஏறக்குறைய எல்லா வருடமும் வருகிறது, தள்ளுபடியும் அதில்தான் அதிகம். வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் இதுதான் சரி, ஆனால் பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அதிலும் மென்பொருள் நின்றுபோனதென்றால் யோசிக்கவே வேண்டாம். 2017-ல் வந்த 10.5 இன்ச் ப்ரோவுக்கு ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 17-ஓடு முடிந்தது, 2019 மினிக்கோ ஐபேட்ஓஎஸ் 26 கூட வந்திருக்கிறது. விற்பதென்றால் புது மாடல் அறிவிப்புக்கு முன்னால் விற்றுவிடுங்கள். அறிவிப்பு வந்த மறுநாளே நான் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன், எடைக்குப் போடுகிற பேப்பரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

13 இன்ச், மேஜையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறவர்களுக்கு. எனக்கு இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக அது பீரோவுக்குள் இருக்கிறது என்றால் உங்களுக்கு அது வேண்டாம், விற்றுவிடுங்கள். ஒரு வார்த்தை, அளவு பெயர்களில் ஏமாற வேண்டாம்: 13 இன்ச் ஏர் என்று விற்கிறதே, அதன் திரையை அளந்தால் 12.9-தான்.

அளவு மாறாவிட்டாலும் கூட வருகிற சாமான்கள் மாறிவிடும், இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2021 மினிக்கும் 2024 மினிக்கும் உடம்பு ஒன்றேதான், ஆனால் முன்னதோடு வேலை செய்த இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் (திரையில் எழுதுகிற பேனா) பின்னதோடு சேராது, பென்சில் ப்ரோவோ யுஎஸ்பி-சி பென்சிலோ வேண்டும். 2024 ப்ரோவுக்குப் பழைய ப்ரோவின் மேஜிக் கீபோர்டு பொருந்தாது. ஆகவே 'அதே அளவுதானே' என்று பேனாவையும் கீபோர்டையும் வைத்துக்கொண்டு டேப்லெட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள், பழைய டேப்லெட்டோடு சேர்த்தே தள்ளிவிடுங்கள்.

வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்ததை அலமாரியில் சார்ஜ் தீர்ந்துபோய்க் கிடக்க விடாதீர்கள், பேட்டரி உப்பிக்கொண்டு திரையைத் தூக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அவ்வப்போது பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணாடி ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா பாருங்கள். பாதி சார்ஜில் அணைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றினால் போதும். நான் சித்திரை முதல் நாள் ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது முறை அதற்குச் சந்தனப் பொட்டும் கிடைக்கிறது, பின்பக்கம் மட்டும்.